முட்டி வலிக்கு ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை: அம்மாவுக்குச் செய்யலாமா?

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாடாக இருக்கிறது. சில வருடங்களாக வலது முட்டியில் வலி. மாடிப்படி ஏறுவது பெரும்பாடு, தரையில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுத்துத்தான் எழ வேண்டும். எக்ஸ்ரேயில் மூன்றாம் கிரேடு தேய்மானம் (நான்காம் கிரேடுதான் மிக மோசமானது) என்று எழுதியிருக்கிறார்கள். வலி மாத்திரை, மூட்டுக்குள் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. எலும்பு டாக்டர் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். இந்த நேரத்தில் "கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று ஜெனிகுலர் ஆர்ட்டரி எம்போலைசேஷன், அதாவது முட்டிக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்களை அடைக்கும் சிகிச்சைக்கான விளம்பரம் ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அது நிஜமான சிகிச்சைதானா, அம்மாவுக்குச் செய்யலாமா, செய்துவிட்டால் பிற்பாடு ஆபரேஷனுக்கு இடைஞ்சலாகுமா என்று கேட்கிறீர்கள்.

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இதைச் செய்தால் அம்மா ஆபரேஷனிலிருந்து தப்பிப்பாரா? வலி குறையுமா என்பது வேறு, ஆபரேஷனே தேவைப்படாமல் போகுமா என்பது வேறு. முதலாவதற்கு என் பதில், குறைய வாய்ப்பு உண்டு. இரண்டாவதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்தச் சிகிச்சையைச் செய்யும் துறையைச் சேர்ந்தவன், இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி. கர்ப்பப்பைக் கட்டி, கல்லீரல் கட்டி, விபத்தில் நிற்காத ரத்தப்போக்கு என்று ரத்தக்குழாய் வழியாகப் போய் அடைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. முட்டிக்கும் செய்திருக்கிறேன். ஆகவே இதன்மேல் எனக்கு ஒரு சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அம்மாவின் முட்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. அதனால் பொதுவாகத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

மூட்டுத் தேய்மானம் என்றால் குருத்தெலும்பு தேய்வது என்று எல்லோருக்கும் தெரியும். "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்று வீட்டில் சொல்வதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சினோவியம் என்ற சவ்விலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்தும் வருகிறது. தேய்மானம் உள்ள பல முட்டிகளில் இந்தச் சவ்வு தடித்து, வீங்கி, உள்ளே நீர் கோர்த்துக்கொள்கிறது. அப்படி அழற்சி வந்த இடத்தில் புதிதாக மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவற்றோடு சேர்ந்து வலியைக் கடத்தும் நுண்ணிய நரம்பிழைகளும் வளர்கின்றன. எக்ஸ்ரேயில் தேய்மானம் பயங்கரமாக இருந்தும் சிலர் சாதாரணமாக நடப்பதற்கும், லேசான தேய்மானம் உள்ளவர் துடிப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சையின் யோசனை இங்கிருந்துதான் புறப்படுகிறது. பயிரும் களையும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும்போது, களை மண்டிக் கிடக்கும் பாத்திக்குப் போகும் மடையை மட்டும் அடைப்பது போல, புதிதாக முளைத்த அந்தக் குழாய்களுக்குப் போகும் ரத்தத்தை மட்டும் குறைக்க முடிந்தால், அழற்சியும் அதோடு ஒட்டிய வலியும் தணியும் என்பது கணக்கு. ஜப்பானைச் சேர்ந்த யூஜி ஒக்குனோ என்ற மருத்துவர்தான் இதை முட்டித் தேய்மான வலிக்குப் பயன்படுத்தி முறைப்படி எழுத ஆரம்பித்தவர். அவருடைய முதல் சிறு ஆய்வு 2015 வாக்கில் வந்தது. அதற்கு முன்பும் முட்டியின் இந்தக் குழாய்களை அடைப்பது எங்கள் துறைக்குப் புதிதில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு மூட்டுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசியும், அதை நிறுத்த இதே குழாய்களை அடைப்பது ஏற்கனவே வழக்கத்தில் இருந்தது.

செய்முறை ஆஞ்சியோகிராம் பார்த்தவர்களுக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும். கேத் லேப்பில் படுக்கவைத்து, பெரும்பாலும் தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் ஒரு மெல்லிய குழாயை நுழைக்கிறோம். முழு மயக்கம் தேவையில்லை. முட்டியைச் சுற்றி ஜெனிகுலர் தமனிகள் என்று ஐந்தாறு கிளைகள் இருக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் ஒன்று, தொடையிலிருந்து இறங்கி வருவது இன்னொன்று. அம்மாவுக்கு எந்தப் பக்கம் வலியோ அந்தப் பக்கத்துக்குப் போகும் கிளைக்குள் அதைவிட மெல்லிய மைக்ரோகேத்தீட்டரைச் செலுத்தி, கான்ட்ராஸ்ட் மருந்து விட்டுப் பார்த்தால், அழற்சி உள்ள இடம் மை ஊறிய பஞ்சு மாதிரி படத்தில் தெரியும். அங்கே மிக நுண்ணிய துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். அந்தக் கறை மங்கியதும் நிறுத்திவிட வேண்டும். முழுக் கிளையையும் அடைத்துவிடுவது நோக்கமில்லை. முட்டியின் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று வலைபோலப் பின்னியிருப்பதால்தான் இது சாத்தியப்படுகிறது. இதுவே ஆபத்தும்கூட, ஏனென்றால் அதே வலை வழியாகத் துகள் தோலுக்கும் போகலாம். முட்டியின் மேல் ஐஸ் பொட்டலம் வைத்துத் தோலின் குழாய்களைச் சுருங்கவைப்பது அதற்காகத்தான். எல்லாம் முடிய ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். விளம்பரத்தில் சொன்ன "அன்றைக்கே வீடு" உண்மைதான்.

எந்தத் துகள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. ஒன்று, இமிபெனெம்-சிலாஸ்டாடின் என்ற ஆன்டிபயாடிக். கிருமியைக் கொல்ல இல்லை. அதை கான்ட்ராஸ்ட் மருந்தோடு கலந்தால் சரியாகக் கரையாமல் நுண்ணிய படிகங்களாக நிற்கும், அவை குழாயைத் தற்காலிகமாக அடைத்துவிட்டுப் பிறகு கரைந்துபோகும். ஒக்குனோ பெரும்பாலும் பயன்படுத்தியது இதைத்தான். இன்னொன்று, கரையாத செயற்கை உருண்டைகள். 75 அல்லது 100 மைக்ரான் அளவிலிருந்து தொடங்குபவை, நிரந்தரமாகத் தங்கிவிடும். அம்மாவுக்கு பெனிசிலின் வகை மருந்துகள் ஒத்துக்கொள்ளாது என்றால் முதல் வகைக்கு முன்பு அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சரி, பலன்? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விளம்பரங்களில் வரும் எண்கள் பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. ஒக்குனோ குழு 2017இல் 72 பேரின் 95 முட்டிகளைப் பற்றி எழுதியது. ஆறு மாதத்தில் சுமார் 86 சதவீதம், மூன்று வருடத்தில் சுமார் 80 சதவீதம் வெற்றி என்று காட்டியது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 40 பேருக்குச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்து வலி அளவுகோல்கள் 60 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தன. இப்படி இன்னும் பல ஆய்வுகள் உண்டு, ஏறக்குறைய எல்லாமே நல்ல செய்திதான் சொல்கின்றன. ஆனால் இவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. சிகிச்சை செய்தார்கள், முன்னும் பின்னும் அளந்தார்கள், அவ்வளவுதான்.

முட்டி வலியில் இது பெரிய ஓட்டை. இந்த வலி ஏறி இறங்கும் வலி. மிக மோசமாக இருக்கும் மாதத்தில்தான் மனிதர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த சில மாதங்களில் கொஞ்சம் தணியும். அதோடு, பெரிய இயந்திரத்தின் கீழ் படுத்து, இவ்வளவு பணம் கட்டி, நம்பிக்கையான டாக்டர் ஒருவர் செய்தார் என்பதே வலியைக் குறைக்கும். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, அந்த நிவாரணம் நோயாளிக்கு நிஜமானதுதான். ஆனால் அதற்கும் துகளுக்கும் சம்பந்தம் இருக்காது. அமெரிக்காவில் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002இல் வந்தது. தேய்மானம் உள்ள முட்டிக்குள் ஆர்த்ரோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்த ஆபரேஷன். ஒரு பகுதியினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு, உள்ளே எதுவும் செய்யாமல் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் பார்த்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேருக்கு, இப்போது நம் ஊரிலும் தாராளமாகப் போடப்படும் பி.ஆர்.பி. ஊசியையும் (நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டுகளைப் பிரித்தெடுத்துப் போடுவது) வெறும் உப்புநீர் ஊசியையும் ஒப்பிட்டார்கள். அதிலும் ஒரு வருடத்தில் வலியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆகவே முட்டிக்கு எந்தப் புதுச் சிகிச்சை வந்தாலும், போலியாகச் செய்த குழுவோடு ஒப்பிட்டீர்களா என்பதுதான் நான் முதலில் கேட்பது.

எம்போலைசேஷனுக்கும் அப்படி ஒப்பிட்டிருக்கிறார்கள், முடிவுகள் ஒரே திசையில் இல்லை. அமெரிக்காவில் 21 பேரை வைத்து நடந்து 2022இல் வெளிவந்த சிறு ஆய்வில், ஒரு மாதத்தில் நிஜச் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஆனால் போலிச் சிகிச்சைக் குழுவில் இருந்தது ஏழே பேர், ஒரு மாதத்தோடு ஒப்பீடும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரின் எராஸ்மஸ் மருத்துவமனையில் 58 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்தார்கள், 2024இல் முடிவு வந்தது. 100க்கு அளக்கும் வலி அளவுகோலில், நான்கு மாதத்தில், சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 21 புள்ளி முன்னேறினார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்கள் 18 புள்ளி முன்னேறினார்கள். இந்த மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இந்த எண்களை இரண்டு தடவை படியுங்கள். சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருக்கிறது. அவர்களைக் கேட்டால் "எனக்குக் கேட்டது" என்றுதான் சொல்வார்கள், சொல்வதும் உண்மை. துகள் உள்ளே போகாதவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். என் துறை நண்பர்கள் இதற்குச் சமாதானங்கள் சொல்கிறார்கள். ஆய்வு சின்னது, கரைந்துபோகும் மருந்தைப் பயன்படுத்தினார்கள், சரியான நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்கிறார்கள். சின்னது என்பது சரிதான். சவ்வு நன்றாக வீங்கியிருப்பவர்களை மட்டும் எடுத்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம் என்பதும் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் கரையும் மருந்தைக் குறை சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று வருடம் நிற்கும் என்று நாங்கள் பெருமையாகக் காட்டும் ஒக்குனோவின் முடிவுகளும் பெரும்பாலும் அதே மருந்தில் வந்தவைதானே. பிரிட்டனில் எந்தச் சிகிச்சையை எப்படிச் செய்யலாம் என்று வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு, இதை ஆய்வின் பகுதியாக மட்டும் செய்யுங்கள் என்று 2021இல் சொன்னது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் அந்த எச்சரிக்கை மிகையாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் நான் ஏன் இன்னும் சிலருக்குச் செய்கிறேன்? தீங்கு குறைவு என்பது ஒரு காரணம். தீங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முட்டியின் மேல் தோல் சில நாள் சிவந்தோ கருத்தோ போவது சகஜம், தானாகச் சரியாகும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வில் 40 பேரில் ஏழு பேருக்குத் தோலில் சிறு புண் வந்து ஆறியது. இரண்டு பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் எலும்பின் ஒரு சிறு பகுதி ரத்தமில்லாமல் செத்திருப்பது தெரிந்தது, ஆனால் அவர்களுக்குத் தொந்தரவு ஏதும் இல்லை. ஒருவருக்குத் தொடை இடுக்கில் ரத்தம் கட்டி இரவு தங்க வேண்டியதாயிற்று. வேறு ஆய்வில் ஓரிருவருக்குப் பாதத்தில் மரத்த உணர்வு வந்து போனது. காலே போய்விடும் அளவுக்கான விபரீதங்கள் இந்த ஆய்வுகளில் இல்லை. ஆனால் இவை எல்லாம் கைதேர்ந்தவர்கள் செய்து, கவனமாக எழுதியவை. மாதத்துக்கு ஒன்று செய்யும் இடத்தில் இதே கணக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாவின் விஷயத்தில் சர்க்கரை இருப்பதால் மூன்று சங்கதிகள் கூடுதலாக வருகின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் ரத்தக்குழாய்களில் ஏற்கனவே சுண்ணாம்பு படிந்து குறுகியிருக்கலாம். பாதத்தில் நாடி தெரிகிறதா என்று பார்க்காமல், தேவைப்பட்டால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் இதில் இறங்கக் கூடாது. அடுத்தது, தோலில் புண் வந்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போல அவருக்கு ஆறாது. அப்புறம் சிறுநீரகம். கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்ட சர்க்கரை நோயாளியின் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் அதைப் போடுவது தவறு. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது பொருந்தும் என்பதில் எனக்கு ஓரளவு தெளிவான அபிப்பிராயம் உண்டு, நிரூபணமாக அல்ல, அனுபவத்திலும் இதுவரை வந்த ஆய்வுகளிலும் சேர்த்துப் பார்த்ததில். தேய்மானம் ஒன்றிலிருந்து மூன்றாம் கிரேடுக்குள் இருக்க வேண்டும். வலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்து, விரலால் அழுத்தினால் "இங்கேதான்" என்று காட்டக்கூடியதாக இருந்தால் நல்லது. மூட்டில் வீக்கமும் நீரும் இருந்தால், அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ சவ்வு தடித்திருப்பது தெரிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நாம் அடைக்கப் போவது அதைத்தான். எலும்பும் எலும்பும் உரசும் நான்காம் கிரேடில் பலன் சீக்கிரம் மங்கிவிடுகிறது. கொரியாவில் செய்த ஓர் ஆய்வில் அந்தக் குழுவினருக்கு மூன்று மாதத்துக்குள் வலி திரும்பிவிட்டது. கால் வளைந்துபோயிருந்தால், முட்டி நடக்கும்போது மடங்கிப் பூட்டிக்கொண்டால், அது இயந்திரக் கோளாறு, ரத்தக்குழாயை அடைத்து அதைச் சரிசெய்ய முடியாது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரும் என்று விளம்பரத்தில் இருந்தால் அந்த இடத்துக்குப் போகவே வேண்டாம்.

மூன்றாம் கிரேடு என்பதால் அம்மா எல்லைக்குள் வருகிறார். ஆனால் அந்த எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா? படுத்தபடி எடுத்தால் மூட்டு இடைவெளி உள்ளதைவிட நன்றாகத் தெரியும், நான்காம் கிரேடு மூன்றாகப் படிக்கப்பட்டுவிடும். இதை முதலில் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் கேள்வியில் இல்லாதது. மாத்திரை, ஊசி என்று எழுதியிருக்கிறீர்கள், பயிற்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்து நாள் பிசியோதெரபி சென்டருக்குப் போய் முட்டிக்கு ஒத்தடமும் கரண்ட்டும் வைத்துக்கொண்டு வருவதை நான் பயிற்சியில் சேர்க்க மாட்டேன். தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதமாவது, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செய்வதுதான் பயிற்சி. 2020இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிடப் பயிற்சியோடு கூடிய பிசியோதெரபி செய்தவர்கள் ஒரு வருடம் கழித்து நன்றாக இருந்தார்கள். ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. வலியில் உப்புநீரைவிட மேலாக இல்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஒன்றிரண்டு தடவை, வீக்கம் அதிகமான சமயத்தில் போடுவது வேறு. தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னால் யோசியுங்கள்.

எடையும் அப்படித்தான். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு, உடல் எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியை முட்டித் தேய்மானம் உள்ள 407 பேருக்குக் கொடுத்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், எடையோடு முட்டி வலியும் போலி ஊசியைவிடத் தெளிவாகக் குறைந்தது. அதுவும் ஒப்பீட்டுக் குழுவோடு, அளவில் பெரிதாகச் செய்த ஆய்வு. எம்போலைசேஷனுக்கு அந்தத் தரத்தில் ஒரு ஆய்வு வந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது. அம்மாவுக்குச் சர்க்கரை, எடை இரண்டும் இருக்குமானால் அவருடைய சர்க்கரை டாக்டரிடம் இதைக் கேட்கலாம். முட்டிக்குச் செய்யும் செலவு வேறு இடத்திலும் பலன் தரும்.

இதெல்லாம் சொல்லும்போது அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நடக்கவே முடியலை, எங்கே பயிற்சி செய்யறது? நியாயமான கேள்வி. நான் எம்போலைசேஷனைப் பயன்படுத்துவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வலி கொஞ்சம் தணிந்தால் அந்த இடைவெளியில் தசையைப் பலப்படுத்த முடியும் என்றால், ஆபரேஷனுக்கு உடல் தகுதி இல்லாதவர் என்றால், அல்லது 50 வயதிலேயே செயற்கை மூட்டு வைக்க வேண்டாம் என்று சில வருடங்கள் தள்ளிப்போட நினைப்பவர் என்றால். இதே வேலைக்கு இன்னொரு வழியும் உண்டு. முட்டியிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளை ரேடியோ அலையால் சூடேற்றிச் செயலிழக்கச் செய்வது. விளம்பரங்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நரம்பு, இது ரத்தக்குழாய்.

ஆபரேஷனைப் பற்றி அம்மாவுக்கு இருக்கும் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பக்கத்து வீட்டில் ஒருவருக்குச் செய்து இன்னும் நொண்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மூட்டு மாற்றிய பிறகும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் வலி தொடர்கிறது, அது உண்மை. ஆனால் மீதிப் பேரின் வாழ்க்கையை அது மாற்றுகிறது. முழு மூட்டு மாற்றில் 100க்கு சுமார் 82 மூட்டுகள் 25 வருடம் தாங்குகின்றன என்று 2019இல் கணக்கிட்டிருக்கிறார்கள், அதாவது 63 வயதில் வைத்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும். செயற்கை மூட்டின் விலைக்கு இந்திய அரசு 2017இல் உச்சவரம்பு வைத்ததிலிருந்து செலவும் முன்போல இல்லை. எம்போலைசேஷனுக்கு உங்களிடம் சொன்ன தொகை கிட்டத்தட்ட ஆபரேஷன் செலவுக்கே வருகிறது என்றால், காப்பீடு எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முட்டிக்காக எத்தனை செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்குள் மூட்டு மாற்றுக்குப் போனார்கள் என்று செய்யப்போகும் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடமோ பேக்கேஜ் சொல்பவரிடமோ கேட்டுப் பயனில்லை. பதில் சொல்லக் கூச்சப்படுபவரிடம் காலைக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, பிற்பாடு ஆபரேஷன் செய்ய முடியாமல் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. நாம் அடைப்பது முட்டியின் நுனிக் கிளைகளை மட்டும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியை யாரும் தொடுவதில்லை. எலும்பை வெட்டவில்லை, மூட்டைத் திறக்கவில்லை. மூட்டு மாற்றியவர்களுக்கே ரத்தக்கசிவுக்காக இதைச் செய்கிறோம் என்று மேலே சொன்னேனே. இருந்தாலும் தோலில் புண்ணோ நிறமாற்றமோ இருந்தால் அது முழுக்க ஆறும்வரை எந்த எலும்பு டாக்டரும் கத்தி வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. ஆகவே இதைச் செய்வதாக முடிவெடுத்தால், செய்வதற்கு முன்பே அம்மாவின் எலும்பு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எந்தக் கிளைகளை அடைத்தார்கள், எந்தத் துகள், என்ன அளவு என்று எழுதிய அறிக்கையையும் ஆஞ்சியோ படங்களின் சிடியையும் கேட்டு வாங்கி, அவருடைய பழைய எக்ஸ்ரேக்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.